ரெண்டு வெரலும் கல்லுச்சாமி வளைவும்

கள்ளக்குறிச்சியில் ஜீப் மெக்கானிக் ரெண்டு வெரலின் விரல் படாத சட்டைக் காலரே கிடையாது. அறிமுகமான முதல் நாளே என் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நுழைத்துப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை.

"இன்னா சார் இது, மூச்சு எப்புடி வுடற? டெய்லர் யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"அவனா? துணிய மிச்சம் புடிச்சி மனுசனக் கொல்றவனாச்சே."

தீர்ப்பைச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தையற்காரரின் பெயர் கெட்டது. என் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை நிரந்தரமாகக் குடியேறியது.

அவருடைய உண்மையான பெயரை விசாரித்தேன். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர் "ரெண்டு வெரல்தான் பேரு" என்றார். கடைசியில் அவர் மனைவியையே கேட்டேன். "அதுக்கு இப்ப இன்னாங்க அவசரம்?" என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

கச்சிராயபாளையம் போகிற சாலையில் அவருடைய பட்டறை. மேல் மாடியில் எங்கள் பத்திரிகையின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். கீழே சுத்தியல் விழுந்தால் மேலே என் காப்பி டம்ளர் நகரும். மும்முரமான நாட்களில் டம்ளர் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகள்தான் அவருடைய தொழில். கல்வராயன் மலையில் தார்ச்சாலை முடிந்த பிறகும் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களுக்குப் போகிற ஜீப்பை உயர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஓடைப் பாறைகள் அதன் அடிவயிற்றைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்து, பெரிய டயர்களை மாட்டினால் வண்டி உயர்ந்துவிடும். வெல்டிங் மெஷின் வைத்திருக்கிற யாரும் அதைச் செய்துவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். பழைய பிரேக் குழாய் எட்டாது. பெரிய டயர் பள்ளத்தில் விழுந்து எழும்போது மட்கார்டில் இடிக்கும். திருப்பினால் ஒரு சத்தம், பாரம் ஏற்றினால் இன்னொரு சத்தம்.

"ஒசத்தறவன் தெருவுக்கு நாலு பேரு கீறான் சார். ஒசத்துன வண்டிய ஒரசாம ஓட்ட வெக்கறவன் இந்த ஜில்லாவுலயே ஒருத்தன்தான்" என்பார். அந்த ஒருத்தன் யார் என்று கேட்கிறவருக்கு அந்தப் பட்டறையில் மரியாதை கிடையாது.

அடக்கம் அவரிடம் ஸ்டாக் இல்லாத சாமான். காலையில் ஒரு வண்டியைச் சரி செய்தால் மாலைவரை டீக்கடையில் அந்தக் கதை ஓடும். டீக்கடைக்காரருக்கு ஜீப்பின் உள்ளுறுப்புகள் அத்தனையும் மனப்பாடம். அவரிடம் சைக்கிள்கூட இல்லை.

முழுப் பாரம் ஏறி, டயர் எவ்வளவு மேலே வந்தாலும், டயருக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அவருடைய தொழில் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான். அதை வண்டியோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல மெக்கானிக், நான் இந்தக் கட்டுரைக்கு வேறு ஆளைத் தேடியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சுவர்த் தகராறில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ரெண்டு வெரல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இரண்டு சுவர்களுக்கும் நடுவில் விரலை நுழைத்தார். நுழைந்தது.

"எடம் கீதே. அப்பறம் இன்னாத்துக்குய்யா சண்ட?"

இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் துரத்தினார்கள். அன்றிலிருந்து அந்த இரண்டு குடும்பமும் நெருங்கிய சிநேகிதம்.

ஒரு கல்யாண வரவேற்பில் மேடை ஏறியவர், அன்பளிப்பை நீட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கோட்டுக் கழுத்தில் விரலை விட்டார். "மாப்ள, தாலி கட்டற வரிக்கும் தாங்குவியா?" என்று அக்கறையோடு கேட்டார். அந்த வினாடி புகைப்படக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். புதுமாப்பிள்ளையின் குரல்வளையைப் பிடித்து ஒருவர் மிரட்டுவது போலவும் மணப்பெண் அதை ரசிப்பது போலவும் ஒரு படம் அந்தக் குடும்ப ஆல்பத்தில் இன்றும் இருக்கிறது.

"எல்லாத்துக்கும் நடுவுல ரெண்டு வெரலு எடம் வுடணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. இந்த ஆளுக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு ஊரு இருந்தா நல்லா இருக்கும்" என்பார் அவர் மனைவி. சொல்லிக்கொண்டே அவருக்குச் சோறும் போடுவார்.

ஒரு முறை புதுச்சேரிப் பக்கமிருந்து ஓர் இளைஞர் புத்தம்புது வண்டியோடு வந்தார். எங்கேயோ கொடுத்து உயர்த்தியிருந்தார். ஏறி உட்கார ஏணி தேவைப்படும் போலிருந்தது.

"இன்னாத்துக்குத் தம்பி இவ்ளோ ஒசரம்?"

"சும்மாண்ணா. கெத்துக்கு."

ரெண்டு வெரல் குனிந்து, முன்சக்கரத்துப் பக்கம் விறைத்துக்கொண்டிருந்த பிரேக் குழாயை விரலால் சுண்டினார். அது தம்பூரா மாதிரி ஒலித்தது.

"சுதி நல்லா கீது. ஒரு பள்ளத்துல எறங்கினியானா கச்சேரி முடிஞ்சிது."

இளைஞரின் முகம் வெளுத்தது. நீளமான குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டு, போகும்போது அவருடைய டீ-சர்ட்டின் கழுத்தையும் சோதித்தார். அங்கே நான்கு விரல் போயிற்று. "தம்பி காத்தோட்டமா கீறாரு" என்று பாராட்டி அனுப்பினார்.

இவையெல்லாம் சில்லறை. அவருடைய பாரச் சோதனைதான் தெருவுக்கே திருவிழா. உயர்த்திய வண்டியை அவர் மூட்டை ஏற்றிச் சோதிக்க மாட்டார். "மூட்ட பொய் சொல்லும் சார். வண்டில போறது மனுசன். மனுசன ஏத்தித்தான் பாக்கணும்" என்பார். தெருவில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து ஏற்றுவார். யார் எங்கே உட்கார வேண்டும் என்பது எடைப்படி நிர்ணயமாகியிருந்தது. மாவுமில்காரர் நல்ல கனம்; அவருக்குப் பின்பக்கம் இடது மூலை நிரந்தரம். மருந்துக்கடைக்காரரும் டீக்கடைக்காரரும் சேர்ந்தால்தான் வலது மூலையில் அவருக்கு ஈடு. நான் நடுவில், "பேப்பர்காரரு சும்மா எடத்த அடைக்கத்தான்" என்று விளக்கம். மாவுமில்காரர் ஊருக்குப் போயிருந்தால் அன்றைக்குச் சோதனை கிடையாது. வண்டிக்காரர்கள் மாவுமில் வாசலில் போய் அவர் எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாரும் ஏறியதும் உத்தரவு வரும்: "யாரும் அசையக் கூடாது! தும்மக் கூடாது! மில்லுக்காரரே, செல்லு பேசாத!"

வெற்றிலைக்குத் தடவியது போக மீதமிருந்த சுண்ணாம்பைத் தகட்டின் உட்புறம் பூசுவார். ஜீப்பைச் சாலைப் பள்ளங்களில் ஓட்டச் சொல்லி, அவர் பக்கத்திலேயே சைக்கிளில் வருவார். திரும்பி வந்ததும் சுண்ணாம்பைப் பார்ப்பார். டயர் உரசியிருந்தால் சுண்ணாம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் ஏன் வண்டியில் ஏறாமல் சைக்கிளில் வருகிறார் என்று நான் வெகுநாள் யோசித்தேன். பிறகு தெரிந்தது. மணலூர்பேட்டைக்காரர்; சமவெளியில் பிறந்து வளர்ந்தவர். நான்கு சக்கர வண்டியில் ஏறினாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும்; வளைவும் நெளிவுமான சாலை என்றால் இன்னும் மோசம். மலை ஜீப்புகளுக்காகவே வாழ்ந்த அந்த மனிதர் மலை ஏறியதே இல்லை. இதை யாரும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "மலையா? எனக்குத் தெரியாத மலையா?" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இப்படி இருந்தவரின் பெருமைக்குச் சின்னையனின் ஜீப்பால் ஆபத்து வந்தது.

சின்னையனுக்கு மலையில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். தார்ச்சாலை முடிந்து, மண்பாதையில் போய், ஓர் ஓடையைக் கடந்து, செங்குத்தாக ஓர் ஏற்றம் ஏறினால் ஊர் வரும். ஊருக்கு இருந்த ஒரே வண்டி அவருடையது. மழையில் ஓடைப் பாதை அரித்துப் பாறைகள் துருத்திக்கொள்ள, ஜீப்பால் ஓடையைத் தாண்ட முடியவில்லை. மரவள்ளிக்கிழங்கு மூட்டையையும் காய்ச்சல்காரர்களையும் ஓடைவரை ஜனங்கள் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அதனால் ஜீப்பை உயர்த்த வந்தார். ரெண்டு வெரல் உயர்த்திக் கொடுத்தார். மாவுமில்காரரை ஏற்றிச் சோதித்தார். விரல் நுழைந்தது. சுண்ணாம்பு கலையவில்லை. டீக்கடையில் கதை ஓடியது.

கொஞ்ச நாளில் சின்னையன் திரும்பி வந்தார்.

"அண்ணே, பின்னாடி எடது பக்கம் ஒரசுதுங்க."

ரெண்டு வெரல் சிரித்தார். நான் கொலை செய்ததாக யாராவது சொன்னால் நான் எப்படிச் சிரிப்பேனோ அப்படி.

"எங்க ஒரசுது?"

"கல்லுச்சாமி வளைவுலங்க. வேற எங்கியும் ஒரசல. ஓட தாண்டி ஊருக்கு ஏறுறோம்ல, அந்த வளைவுல எடது பக்கமா சாமி. அங்க வந்தா மட்டும் கர்ர்ருனு ஒரு சத்தம்."

மாவுமில்காரர் வரவழைக்கப்பட்டார். மறுபடி சோதனை. சத்தம் இல்லை. சின்னையன் போனார். மறுபடி வந்தார். மறுபடி மாவுமில்காரர். "மில்லுல அரைக்கிறத விட இவன் ஜீப்புல நான்தான்யா ஜாஸ்தி அரபடறேன்" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அடுத்த முறை சின்னையன் வந்தபோது உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"பழையபடி எறக்கிக் குடுத்துடுங்கண்ணே."

ரெண்டு வெரலின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"ஊருல பேசிட்டாங்க. முன்னல்லாம் சாமி ஒசரத்துக்குக் கீழதான் நம்ம தல போச்சி. இப்ப வண்டிய ஒசத்திட்டு சாமி தலைக்கு மேல ஒக்காந்துக்கினு போறோம், அதான் சாமி உறுமுதுன்றாங்க. இனிமே ஏற மாட்டாங்களாம்."

"எறக்கிட்டா ஓடைய எப்புடிடா தாண்டுவ?"

"தாண்ட முடியாதுங்க. ஜனம் மறுபடி தூக்கிக்கினுதான் நடக்கணும். நான் வண்டிய வித்துட்டு கீழ கரும்பு வெட்டப் போவணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "எங்க ஊருக்கு வேற வண்டி இல்லங்கண்ணே."

ரெண்டு வெரல் ஸ்பேனரைக் குனிந்து எடுத்துத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், நீ மலைக்கி ரோடு நூஸு எடுக்கப் போவணும்னியே. நாளைக்கி போலாமா?"

"நீங்களுமா?"

"எனக்குத் தெரியாத மலையா?" என்றார். குரலில் பழைய அழுத்தம் இல்லை.

மறுநாள் காலை அவர் மடி நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அவர் மனைவி வழியனுப்ப வந்திருந்தார். கப்பலேற்றிவிடுகிற மாதிரி இருந்தது.

சின்னையன் மன்றாடியதால், முந்தின நாள் சந்தைக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு மட்டும் ஏற ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜீப்பின் பின்புறம் எதிரெதிராக இரண்டு நீளப் பலகைகள். அவற்றில் நெருக்கிக்கொண்டு ஜனம், நடுவில் கூடைகள். செல்லம்மா என்று ஒரு பெண்மணி, சந்தையில் கிழங்கு விற்றுவிட்டுத் திரும்புகிறவர், இடது சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ரெண்டு வெரல் குப்புறப் படுத்து, தலையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டி, சக்கரத்தைப் பார்த்தபடி வந்தார். விழுந்துவிடாமல் இருக்க அவருடைய இடுப்புத் துண்டின் நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாய்யா இது, ஆட்டுக்குட்டியாட்டம் கட்டி இட்டாராங்க?" என்று கேட்டார் செல்லம்மா.

"சக்கரத்தப் பாக்கறாரும்மா" என்றேன்.

"சக்கரம் சுத்துது. அத வேற பாக்கணுமா?"

கோமுகி அணை தாண்டியதும் ஒரு எலுமிச்சம்பழம் தீர்ந்தது. மலைச்சாலையின் வளைவுகளில் மற்றவை தீர்ந்தன. ஆனாலும் மனிதர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் "ஒரசல... ஒரசல..." என்று கீழிருந்து முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. தார்ச்சாலை முடிந்தது. ஓடையைத் தாண்டினோம். பாறைகளின் மேல் ஜீப் ஆடி அசைந்து போனபோதும் "ஒரசல" என்றுதான் வந்தது. ஏற்றம் தொடங்கியது.

சாமி வளைவுக்குச் சற்று முன்னால் அவர் உடம்பு தோற்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, கூடைகளைத் தாண்டி, வலது பக்கக் கம்பியைப் பிடித்து வெளியே குனிந்தார். காலை சாப்பிட்டதெல்லாம் கல்வராயன் மலைக்குச் சொந்தமானது.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் 'கர்ர்ர்' என்று சத்தம் வந்தது.

அவர் திரும்பினார். அவரைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் திரும்பினேன். ஜீப்பின் வலது பக்கத்தில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஊர் மொத்தமும் இடது பக்கம் சரிந்திருந்தது. வலது பலகைக்காரர்கள் எழுந்து, இடது பலகைக்காரர்களின் தலைக்கு மேல் வளைந்து, கைகூப்பி நின்றார்கள். மஞ்சள் பூசிய ஒரு சின்னக் கல், பாதையோர மேட்டில் மரத்தடியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போனது. அந்த ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது. அதனால் கும்பிடுவதெல்லாம் ஓடுகிற வண்டியிலேயே. சத்தம் கேட்டதும் பயத்தில் எல்லாரும் இன்னும் நன்றாகக் குனிந்தார்கள். சத்தம் இன்னும் பலமாயிற்று. வளைவு தாண்டியதும் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சத்தம் நின்றது.

"பாத்தியாய்யா?" என்றார் செல்லம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டே. "சாமிக்கு இன்னா கோவம் பாரு."

ரெண்டு வெரல் வாயைத் திறந்தார். செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மறுபடி குமட்டல் என்றுதான் நான் நினைத்தேன்.

ஊருக்குப் போய் இறங்கியதும் ஜனம் அவரவர் கூடையை எடுத்துக்கொண்டு, சின்னையனிடம் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தது. ரெண்டு வெரல் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"மூட்ட பொய் சொல்லும்னு மனுசன ஏத்தினேன் சார். ஏத்திட்டு, அசையாதன்னு சொல்லி மனுசனையும் மூட்டையாக்கி ஒக்கார வெச்சிட்டேன். மில்லுக்காரரு சாமியப் பாத்தா கும்புட மாட்டாரா? நான் எங்க வுட்டேன்?"

பிறகு விளக்கினார். எல்லாரும் நேராக உட்கார்ந்தால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாக மேலே வரும், இடைவெளி போதும். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் வந்திருக்கும்போது ஊரே ஒரு பக்கம் சாய்ந்தால், அந்த ஒரு சக்கரம் மட்டும் ஏறும். ஏறுவதோடு சாயவும் செய்யும். சாய்ந்த டயரின் தலை உள்ளே வந்து தகட்டைத் தின்னும். இறங்கும்போது பாரம் முன்னால் போய்விடுவதால் சத்தம் இல்லை. பழைய சின்ன டயரில் இந்தத் தொல்லை கிடையாது.

"அவ்வளவுதானே?" என்றேன். "சாயாமல் கும்பிடச் சொல்லிவிடலாமே. காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கும்புட்டதாலதான் சத்தம் வந்துதுன்னு அந்த அம்மாகிட்டப் போயி சொல்லச் சொல்றியா? நாளைக்கி அவங்க கைய எடுக்கும்போதெல்லாம் சக்கர நெனப்புதான் வரும். வேணாம் சார். குனியறவங்க குனியட்டும். வண்டிதான் எடம் வுடணும்."

சின்னையனைப் பிய்ந்துபோன பழைய டயர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். சக்கரம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்க அச்சுக்கு மேலே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். டயரிலிருந்து கனமான துண்டுகளை அறுத்து, அந்தக் கட்டையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார். இனி சக்கரம் தகட்டைத் தொடுவதற்கு முன்னால் கட்டையில் முட்டி நின்றுவிடும். கொஞ்சம் தூக்கிப் போடும், உரசாது.

சோதிக்க ஆள் வேண்டும். இடது பின்சக்கரத்தை ஒரு பாறை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, ஊருக்குள் போய் எல்லாரையும் கூப்பிட்டார். "ஓட்ட மாட்டோம், சும்மா நிக்கிற வண்டிதான்" என்று கெஞ்சியதால், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏறினார்கள். இப்போது அவர்கள் இடது பக்கம் சாய வேண்டும். ஏன் என்று சொல்லவும் கூடாது. அவர் சக்கரத்துக்கு அருகே மண்டியிட்டு, கையை நீட்டி, திடீரென்று கத்தினார்:

"அதோ பாரு, பாறையில எம்மாம் பெரிய தேனட!"

ஊர் மொத்தமும் இடது பக்கம் சாய்ந்தது. ஜீப் முனகிக்கொண்டு சரிந்தது. அந்தக் கணத்தில் அவர் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களையும் நுழைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கணக்குத் தப்பினால் அவருக்கு வேறு பட்டப்பெயர்தான் வைக்க வேண்டியிருக்கும்.

கண்ணைத் திறந்தபோது விரல்கள் முழுசாக வெளியே வந்திருந்தன.

"அங்க இன்னாய்யா தேனு?" மேலேயிருந்து செல்லம்மாவின் குரல். "போன மாசமே அறுத்துட்டாங்களே."

"அப்புடியா? எனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். செல்லம்மா குனிந்து அவரைப் பார்த்தார். அவர் கையைப் பார்த்தார். அறுபட்டுக் கிடந்த டயரைப் பார்த்தார்.

"ஓட வரிக்கும் போயிட்டு வரலாம் வாங்க" என்றார் சின்னையன்.

இரண்டு பேர் இறங்கினார்கள். இன்னும் நாலு பேர் இறங்கினார்கள். சின்னையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை.

"நான் வரேன்" என்றார் செல்லம்மா, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல். "ஏறுங்கடி. சாமி முழுங்கினா எல்லாரையும் சேத்து முழுங்கட்டும். ஒத்தையில போனாத்தான் பயம்."

சிரிப்பு எழுந்தது. இறங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். ரெண்டு வெரலும் ஏறினார். எலுமிச்சம்பழம் தீர்ந்துபோயிருந்தது.

ஓடைக்குப் போய்த் திரும்பினோம். ஏற்றம் வந்தது. எஞ்சின் இறைத்தது. வளைவு வந்தது. இரண்டு பலகைக்காரர்களும் எழுந்து இடது பக்கம் சாய்ந்தார்கள். வழக்கத்தைவிடத் தாழ்வாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அடியில் 'தொம்' என்று ரப்பர் முட்டியது. அதோடு சரி. மஞ்சள் பூசிய கல் கடந்து போனது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் நிமிரவில்லை. பிறகு ஒரு குரல் மெல்லக் கேட்டது: "சாமி மன்னிச்சிடுச்சி."

"மன்னிச்சிடுச்சி, மன்னிச்சிடுச்சி" என்று ஜீப் முழுக்கப் பரவியது. சின்னையன் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெண்டு வெரல் தன் இரண்டு விரல்களையும் உதட்டின்மேல் வைத்துக் காட்டினார். சின்னையன் சாலையைப் பார்த்தார். ஒரு பிரேக் குழாயை மாட்டினால் மாலைவரை பேசுகிற மனிதர், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையைக் கல்லுச்சாமியின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, வலது பக்கக் கம்பியைப் பிடித்து வெளியே குனிந்தார்.

கள்ளக்குறிச்சி திரும்பியதும் டீக்கடையில் கதைக்காகக் காத்திருந்தார்கள். "இன்னாச்சி, ஒரசல் போச்சா?" என்றார் மாவுமில்காரர். "போச்சி" என்றார். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார்.

பலாப்பழக் காலம் வந்தது. ஒரு சந்தை நாளில் சின்னையனின் ஜீப் பட்டறை வாசலில் நின்றது. செல்லம்மா பெரிய பலாப்பழம் ஒன்றை இறக்கச் சொல்லி, ரெண்டு வெரலின் முன்னால் வைத்தார்.

"மொதப் பழம் சாமிக்கு வெச்சாச்சி. இது ஒனக்கு."

"எனக்கு எதுக்குமா? சாமிதான கோவத்த வுட்டுச்சி?"

"ஆமாய்யா, ஊரே அப்புடித்தான் சொல்லுது. நானும் அப்புடித்தான் சொல்லிக்கினு கீறேன்." செல்லம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "சாமிக்கு டயரு அறுக்கத் தெரியுமா இன்னா?"

ரெண்டு வெரல் பழத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு ஒரு டீ போடுய்யா, சக்கர ஜாஸ்தியா!" என்று அதட்டினார்.

நான் வேறு ஊருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். இங்கே மேசையில் வைத்த காப்பி டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தையற்காரரும் கெட்டிக்காரர், நாடா வைத்து அளந்து, காலரில் சரியாக இடம் விட்டுத்தான் தைக்கிறார். ஆனாலும் புதுச்சட்டை போடுகிற நாளில் என் இரண்டு விரலும் தாமாகவே கழுத்துக்குப் போகின்றன. சுலபமாக நுழைகின்றன. கிரீஸ் கறைதான் இல்லை. அது இருந்தால் நன்றாக இருக்கும்.